சேந்தன்மேட்டு அபேயன்சி

ஒரு வாய்க்காலுக்கு ஒரு மதகு இருந்தது. அந்த மதகுக்கு ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவுக்கு ஒரு வாரியம் இருந்தது. மூன்றில் கதவு மட்டும் துருப்பிடித்து, பாதி உடைந்து, வாய்க்காலோடு போய்விட்டது. மற்ற இரண்டும் நல்ல நிலையில் இருந்தன.

கீரப்பாளையத்திலிருந்து தெற்கே நான்கு கிலோமீட்டர் சென்றால் சேந்தன்மேடு. ஐப்பசியில் பெரிய வாய்க்கால் பெருகி வரும்போது அந்த மதகின் கதவை இறக்கி மூடினால்தான் உள்ளே இருக்கும் அறுபது காணி சம்பா நடவு பிழைக்கும். மூடாவிட்டால் நாற்றுக்கு மேலே இரண்டடித் தண்ணீர் நிற்கும். நான்கு நாளில் நெல் அழுகி வாடை கிளம்பும்.

அறுபது காணியில் இரண்டு காணி பழனிவேலுடையது. அவருடைய குடும்பம் ஏழு தலைமுறையாக அங்கே பயிர் செய்து வந்தாலும், அவர் முழுநேர விவசாயி அல்லர். கீரப்பாளையம் கடைத்தெருவில் மனைவியின் பெயரால் ‘பவானி சவுண்ட் சர்வீஸ்’ நடத்திவந்தார். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் மைக் செட் அவருடையது. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் பேசுவதை ஊருக்கெல்லாம் கேட்கும்படி செய்துவந்த அவர், மைக்கில் தாமாகப் பேசியது “அலோ, செக், ஒன் டூ த்ரீ” என்பது மட்டுமே. அதை அவர் மிகத் தெளிவாகப் பேசுவார்.

கடைமடை மதகுகள் புனரமைப்பு மற்றும் ஒழுங்குமுறை வாரியம் என்பது வாரியத்தின் முழுப்பெயர். தலைமை அலுவலகம் கடலூரில். கோட்ட அலுவலகம் சிதம்பரத்தில். வாரியம் தூங்கியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வைகாசியில் பழனிவேல் முப்பத்தொரு கையெழுத்தோடு மனுக் கொடுத்தார். ஆனியில் ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். ஆடியில் கதவே தயாராகி வந்துவிட்டது. கனத்த இரும்புத் தகடு, திருகுக் கம்பி, மேலே சுற்றுவதற்கு வண்டிச் சக்கரம் போல ஒரு வளையம். சிதம்பரம் அலுவலகத்தின் பின்புறம் வேப்பமரத்தில் அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ‘சேந்தன்மேடு’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதியும் இருந்தது. கொண்டுவந்து மாட்டுவதற்கு ஓர் ஆணை மட்டுமே பாக்கி.

ஆவணி பிறந்தும் ஆணை வரவில்லை. பழனிவேல் சிதம்பரத்துக்குப் போனார்.

கோப்பைக் கவனித்துவந்த உதவியாளர் தமிழ்மணி நல்ல பெண்மணி. வந்தவர்களை உட்காரச் சொல்லும் வழக்கம் அந்த அலுவலகத்தில் அவரிடம் மட்டுமே இருந்தது. கோப்பைப் பிரித்து மேசைமீது வைத்து, விரலை ஓரிடத்தில் ஊன்றினார்.

“எல்லாம் சரியாத்தாங்க இருக்குது. இந்த ஒரு வார்த்ததான்.”

குறிப்புத் தாளின் ஓரத்தில் பச்சை மையில் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இருந்தது. பழனிவேல் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அபேயன்சி. இது என்னாங்க மேடம்?”

“அதத்தாங்க நாங்களும் மூணு வாரமா பாத்துகிட்டு இருக்கோம். முன்னாடி இருந்த கோட்ட அதிகாரி மரிய அருள் சார் எழுதினது. எழுதின அன்னைக்கே அவுரு மாறிப் போயிட்டாரு.”

“அகராதியில பாத்தா தெரியாதுங்களா?”

“பாக்காம இருப்போமா? அபேயன்ஸ்ங்கற வார்த்தையோட அரிய வடிவம், அர்த்தம் அதேதான்னு போட்டிருக்குது. அதாவது, தற்காலிகமா நிறுத்தி வைக்கறது.”

பழனிவேலுக்கு நிம்மதியாயிற்று. “அப்ப நிறுத்தி வெச்சது போதும்னு எடுத்து விட்டுடலாமே.”

தமிழ்மணி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். “நிறுத்தி வைக்கறதுக்கு எங்ககிட்ட ஸ்டாம்பே இருக்குதுங்க. வாரத்துக்கு பத்து கோப்புல குத்தறோம். தேஞ்சி போயி ரெண்டு தடவ மாத்தியாச்சு. கைக்கு எட்டற தூரத்துல ஸ்டாம்பு இருக்கறப்ப, ஒரு அதிகாரி அத எடுத்துக் குத்தாம, பேனாவ தொறந்து, பச்ச மையில, யாரும் எழுதாத வடிவத்த எழுதறாருன்னா என்னா அர்த்தம்? வெறும் நிறுத்தி வைக்கறத விட பெருசா ஏதோ சொல்றாருன்னுதான.”

“அவர்கிட்டயே ஒரு வார்த்த போன்ல கேட்டுட்டா?”

அறையில் இருந்த மற்ற மூவரும் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். தமிழ்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது இங்க வழக்கமில்லீங்க. மேலதிகாரி எழுதின குறிப்ப நிறைவேத்தணும், அர்த்தம் கேக்கக் கூடாது. கேட்டா புரியலன்னு ஆயிடும். புரியலன்னா அவுரு புரியாத மாதிரி எழுதினாருன்னு ஆயிடும். அப்படியெல்லாம் ஆகக் கூடாதுல்ல.”

“நிறைவேத்தணும்னா, இத எப்படிங்க நிறைவேத்தறது?”

“மொதல்ல அபேயன்சி சம்பந்தமா கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. எதுக்குமே அதுதான மொதப் படி.”

சேந்தன்மேட்டுக் கிராம நிர்வாக அலுவலர் கடமை தவறாதவர். மனுவை வாங்கி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஏரிக்கரை வரை போய் வந்து, “மேற்படி கிராமத்தில் அபேயன்சி எதுவும் நேரில் கண்டறியப்படவில்லை” என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தார். பழனிவேல் அதைச் சிதம்பரத்தில் கொடுத்தபோது தமிழ்மணி வருத்தத்தோடு திருப்பித் தந்தார். கோட்ட அதிகாரியே எழுதியிருக்கும் ஒன்றை இல்லை என்று கிராம அளவில் சொல்ல முடியாது. அடுத்த வாரம் புதிய சான்று வந்தது: “மேற்படி கிராமத்தில் அபேயன்சி தொன்றுதொட்டு இருந்துவருகிறது. பொதுமக்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.” இதைக் கண்டு அலுவலகம் மகிழ்ந்தது. இருக்கிறது என்று ஆன பின்பு அதை அளக்காமல் விட முடியாதல்லவா? நில அளவர் ஒருவர் நாடாவோடு சேந்தன்மேட்டுக்கு அனுப்பப்பட்டார்.

“இந்த முனைய புடிச்சிக்குங்க” என்றார் அவர் பழனிவேலிடம்.

“எங்க புடிக்கறது சார்?”

“அது எங்க ஆரம்பிக்குதோ அங்க.”

பழனிவேல் வேறு இடம் தெரியாமல் மதகின் ஒரு தூணில் பிடித்தார். அளவர் மறு தூண் வரை இழுத்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அகலம் மூன்றடி நான்கு அங்குலம், ஆழம் அறியப்படவில்லை, நான்கு எல்லைகளிலும் தண்ணீர்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பவானிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏங்க, அந்த ஷட்டர நம்ம லோடு ஆட்டோவுல தூக்கிப் போட்டு கொண்டாந்துட்டா என்னா? நம்ம ஊரு பேருதான எழுதியிருக்குது.”

“அரசாங்கச் சொத்துடி. ஜெயில்ல போட்டுடுவாங்க.”

“ஜெயில்ல மூணு வேள சோறாவது போடுவாங்க. இங்க தண்ணி ஏறிச்சுன்னா அது கெடைக்குமான்னு பாருங்க.”

பவானியின் தம்பி கார்த்திகேசனுக்கு அதே மதகின் உள்ளே மூன்று காணி. அவன் வேறு யோசனை சொன்னான். “மாமா, அவுங்க ஆபீசுக்குள்ளதான் அந்த ஆள கேக்கக் கூடாது. நீ கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லயே. எழுதினவன போயி பாரு.”

மரிய அருள் அப்போது கடலூரில் கடலோரப் பூங்காக்கள் மேம்பாட்டுக் குழுமத்தின் அதிகாரியாக இருந்தார். தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த அறை. சன்னலுக்கு வெளியே குழந்தைகள் சறுக்கும் பலகை ஒன்று புதிதாக நின்றது. பழனிவேல் வந்த காரியத்தைச் சொன்னதும், பழைய நண்பரின் பெயரைக் கேட்டவர்போல அவர் முகம் மலர்ந்தது.

“அபேயன்சி. இன்னும் இருக்குதா அது?”

“இருக்குதுங்க சார். மூணடி நாலங்குலம்.”

அதை அவர் காதில் வாங்கவில்லை. “அழகான வார்த்தங்க. காலேஜ்ல எனக்கு இங்கிலீஷ் எடுத்த இன்னாசிராஜ் சார் ஒரு நாளு க்ளாஸ்ல சொன்னாரு. முப்பது வருசமா அத எங்கியாவது எழுதணும்னு மனசுல வெச்சிகினே இருந்தேன். எடமே அமையல. அன்னைக்குன்னு பாத்து உங்க கோப்பு வந்திச்சு. மணி ஒன்னு பத்து. எங்க வீட்டுல வஞ்சிரமீன் கொழம்பு. கையெழுத்து போடணும்னா உள்ள இருக்கற பதினாலு பக்கத்தயும் பொரட்டணும். சாப்புட்டு வந்து போடலாம்னு ஓரத்துல குறிச்சி வெச்சேன்.”

“சாப்புட்டு வந்துன்னா எழுதினீங்க?”

“அதத்தாங்க அழகா எழுதினேன். அதிகாரி ‘பெறகு’ன்னா எழுத முடியும்? மீன்காரம்மா எழுதுவாங்க அப்படி. சாப்புட்டு வந்து பாத்தா மேசையில மாறுதல் ஆணை. கோப்பெல்லாம் ஒப்படைச்சிட்டு சாயங்காலமே கெளம்பிட்டேன்.”

பழனிவேல் எழுந்து நின்று கைகூப்பினார். “சார், இதையே ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அறுபது காணி பொழச்சிக்கும்.”

மரிய அருள் உண்மையாகவே வருந்தினார். நாற்காலியில் சாய்ந்து, நிதானமாக விளக்கினார்.

“எழுதலாங்க. ஆனா நான் இப்ப பூங்கா அதிகாரி. பூங்கா அதிகாரி மதகுக் கோப்புல இருக்கற வார்த்தைக்கு அர்த்தம் சொன்னா, அது தலையீடு. அந்த நாற்காலியில ஒக்காந்திருந்த வரைக்கும் எனக்கு அந்த வார்த்த தெரிஞ்சிருந்திச்சு. இப்ப அதிகாரபூர்வமா எனக்கு அது தெரியாது. நீங்க நல்லவரா தெரியறீங்க, அதனால தனிப்பட்ட முறையில சொன்னேன். யாராவது கேட்டா நான் சொல்லலன்னுதான் சொல்லுவேன். வேணும்னா உங்க ஊருக்கு ஒரு சறுக்குப் பலகைக்கு மனுக் குடுங்க. ஒரே வாரத்துல போட்டுத் தரேன். அதுக்கு எனக்கு முழு அதிகாரம் இருக்குது.”

பழனிவேல் சறுக்குப் பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆனால் கையில் ஒரு பெயர் கிடைத்திருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் இன்னாசிராஜ் இன்னும் கடலூரிலேயே இருந்தார். எழுதிய அதிகாரியிடம் கேட்கக் கூடாதே தவிர, அவருக்குப் பாடம் சொன்னவரிடம் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை என்பதைத் தமிழ்மணி விதிப்புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். கேட்பது என்று சொல்லாமல் அழைப்பது என்று சொன்னால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்.

கோப்பு கடலூர்த் தலைமை அலுவலகத்துக்கு ஏறியது. அங்கே வாரியத்தின் இயக்குநர் பாலகுமார் இருந்தார். ஒரு சிறிய காரியத்தில் பெரிய காரியத்தைக் காணும் ஆற்றல் அவருக்கு உண்டு. புரட்டாசி இரண்டாம் வாரம், கடலூரில் ஒரு திருமண மண்டபத்தில், ‘மதகு நிர்வாகத்தில் அபேயன்சி: நேற்று, இன்று, நாளை’ என்று கருத்தரங்கம் ஏற்பாடாயிற்று. ஒன்பது மாவட்டங்களிலிருந்து அலுவலர்கள் வந்தார்கள். மைக் செட் கட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. பயனாளியே அந்தத் தொழிலில் இருப்பது வசதியாயிற்று.

பழனிவேல் மேடையின் இடப்பக்கம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்முடைய வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச்சைக் கவனித்துக் கேட்டார்.

முதலில் இன்னாசிராஜ் பேசினார். எழுபத்தெட்டு வயது; மெல்லிய குரல்; பழனிவேல் ஒலியைச் சற்றே ஏற்றிவைத்தார்.

“இது ஒரு வழக்கொழிந்த சொல். அபேயன்ஸ் என்று எல்லோரும் எழுதுவதையே சிலர் எப்போதோ இப்படி எழுதினார்கள். பொருளில் ஒரு நூல் அளவுகூட வேறுபாடு கிடையாது. உரியவர் யார் என்று முடிவாகாமல் ஒரு நிலமோ பட்டமோ யாருக்கும் சேராமல் நிற்கும்போது, பழைய சட்டப் புத்தகங்களில் இந்தச் சொல் வரும். வேர் பழைய பிரெஞ்சு. வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது என்பதுதான் அந்த வேரின் பொருள். என் மாணவர் மரிய அருள் வகுப்பில் நான் சொன்ன நூறு விஷயங்களை விட்டுவிட்டு இந்த ஒன்றை நினைவில் வைத்திருக்கிறார். அதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கதவு தயாராக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இத்தனை பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு கை கொடுத்தால் இன்றைக்கே மாட்டிவிடலாம்.”

வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது என்றதும் பழனிவேலுக்கு மதகின் நினைவு வந்தது. இவ்வளவு நாளில் அவருக்கு முழுதும் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். கூட்டம் பலமாகக் கைதட்டியது. ஐயம் கேட்க ஒருவர் எழுந்தார். அவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த அலுவலர்.

“பேராசிரியர் ஐயா, வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது என்றீர்கள். எவ்வளவு காலம் என்பதற்கு உச்சவரம்பு ஏதாவது உண்டா?”

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்துப் பாலகுமார் எழுந்தார். அவருக்கு ஒலியை ஏற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

“பேராசிரியர் அவர்கள் இலக்கியக் கண்கொண்டு பார்த்தார்கள். நாம் நிர்வாகக் கண்கொண்டு பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அன்பர்களே, பதினெட்டு ஆண்டுகளாக இந்த வாரியம் மதகுகளைப் பற்றி மட்டுமே சிந்தித்து வந்திருக்கிறது. மதகு என்பது சிறிய விஷயம். ஒரு மதகைப் பழுது பார்த்தால் அந்த ஒரு மதகுதான் பழுது நீங்கும். ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் அது எல்லா மதகுகளுக்கும் பொருந்தும். இந்த இரண்டு மாதங்களில் நம் அலுவலர்கள் ஓய்வின்றி உழைத்திருக்கிறார்கள். இரண்டு சான்றுகள், ஓர் அளவை, நாற்பத்தாறு கடிதங்கள். எந்த வேலையும் நடைபெறாத ஒரு காலத்தில் இவ்வளவு வேலை நடந்திருப்பது நம் வாரிய வரலாற்றில் இதுவே முதல்முறை. மக்கள் நம்மிடம் கேட்கிறார்கள், கதவு எப்போது வரும் என்று. நான் சொல்கிறேன், கதவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். கதவு எங்கும் ஓடிவிடாது. புரிதல் முதலில் வர வேண்டும்.”

இதன்பின், வாரியத்தில் அபேயன்சிக்கென்று தனிப்பிரிவு ஒன்று தொடங்குவதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிரிவுக்கு நான்கு மேசைகளும் ஓர் அலமாரியும் ஒதுக்கப்பட்டன. மதிய உணவுக்குப் பின் அலுவலர்கள் குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடினார்கள். பழனிவேல் ஒயரைச் சுருட்டும்போது இன்னாசிராஜ் மெல்ல நடந்து பக்கத்தில் வந்தார்.

“தம்பி, அந்த மதகு யாரோடதுன்னு இவங்க பேச்சுல தெரியலயே. உங்களுக்குத் தெரியுமா?”

“எங்களோடதுதாங்க ஐயா.”

பேராசிரியர் அவர் தோளில் கை வைத்தார். வாசற்படி இறங்கும்வரை பழனிவேல் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஐப்பசி ஐந்தாம் தேதி காலையில் தொடங்கிய மழை எட்டாம் தேதி முற்பகல் வரை நிற்கவில்லை. பெரிய வாய்க்காலில் தண்ணீர் மண்ணின் நிறத்தில் சுழித்துக்கொண்டு வந்தது. மதகின் வாய் வழியே முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம் என்று உள்ளே இறங்கத் தொடங்கியது. நட்டு மூன்று வாரமே ஆன பயிர் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

சேந்தன்மேட்டில் யாரும் அன்றைக்கு மனு எழுதவில்லை. ரேஷன் கடைச் சாக்கு, சிமெண்டுப் பை, தலையணை உறை என்று கிடைத்த எல்லாவற்றிலும் மணலை நிரப்பினார்கள். இரண்டு பனந்துண்டுகளைக் குறுக்கே போட்டார்கள். பையை இறக்க இறக்கத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. கார்த்திகேசன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினான்.

“மாமா, பலக வேணும். பை மட்டும் நிக்காது. அகலமா ஏதாச்சும் பலக இருக்குதா?”

பழனிவேல் கரையேறினார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், லோடு ஆட்டோவில் தம்முடைய ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை ஏற்றிக்கொண்டு வந்தார். ஓர் அங்குலக் கனமுள்ள பலகை. கல்யாண மண்டபங்களில் சன்னல் கண்ணாடி அதிரும்படி பாடியவை. உள்ளிருந்த கருவியைக் கழற்றி எடுத்துவிட்டுக் கூடுகளை மதகுக்குள் இறக்கினார்கள்.

“கல்யாண சீசன் வருது மச்சான்” என்றார் பழனிவேல், இரண்டாவது பெட்டி தண்ணீரில் இறங்கும்போது.

“நெல்லு இல்லன்னா எவன் மாமா கல்யாணம் வெக்கப் போறான்? தள்ளு.”

பெட்டிகள் தூண்களுக்கு இடையே இறுகி நின்றன. அவற்றுக்குப் பின்னால் பைகள் தங்கின. பிற்பகலில் உள்ளே இறங்கிய தண்ணீர் கசிவாகக் குறைந்தது. மறுநாள் பயிரின் பாதி உயரம் வெளியே தெரிந்தது.

நான்காம் நாள் பாலகுமார் ஜீப்பில் வந்தார். வெள்ளப் பாதிப்பைப் பார்வையிட வந்தவருக்குப் பாதிப்பு எதுவும் காணக் கிடைக்கவில்லை. மதகருகே போய் நின்று, பைகளையும் பனந்துண்டுகளையும் பெட்டிகளையும் நீண்ட நேரம் பார்த்தார். உடன் வந்த தமிழ்மணியிடம் கேட்டார்.

“இது எப்போது அமைக்கப்பட்டது?”

“வெள்ளம் வந்த அன்னைக்குங்க சார். ஊர் ஜனங்களே.”

“மதகில் கதவு இருக்கிறதா?”

“இல்லீங்க சார்.”

“தண்ணீர் உள்ளே போகிறதா?”

“போகலீங்க சார்.”

“கதவும் இல்லை, தண்ணீரும் போகவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.” அவர் பெட்டிகளை நோக்கிக் கைகூப்பினார். “தமிழ்மணி, இதுதான். மூன்று மாதமாக நாம் தேடியது இதுதான். போட்டோ எடுங்கள்.”

அளவரின் குறிப்போடு ஒப்பிட்டார்கள். அகலம் மூன்றடி நான்கு அங்குலம். அங்குலம் பிசகாமல் பொருந்தியது. பாலகுமார் அந்த இடத்திலேயே ஜீப்பின் முன்மூடியில் தாளை வைத்து அறிக்கை எழுதினார். கோட்ட அதிகாரியின் குறிப்புப்படி சேந்தன்மேட்டில் அபேயன்சி பொதுமக்கள் பங்களிப்புடன் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. அது வெள்ளத்தைத் தாங்கியது. இதை மாதிரியாகக் கொண்டு மேலும் நூற்றுப்பதினான்கு மதகுகளில் கதவுகளை அகற்றி அபேயன்சி அமைக்கலாம்.

பாராட்டு விழா ஐப்பசி இருபத்தைந்தாம் தேதி முற்பகலில், சிதம்பரம் அலுவலக வாசலில் நடந்தது. மைக் செட் பழனிவேலுடையது. பெட்டி இரண்டு மதகில் இருந்ததால் குழாய் ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருந்தார். வாசலின் நடுவே புதிதாக ஒரு சிமெண்டு மேடை. அதன்மேல் நான்கு கம்பிகளுக்கு இடையே, மாலை சூட்டப்பட்டு, சேந்தன்மேட்டுக் கதவு நின்றது. வேப்பமரத்தடியில் வீணாகக் கிடப்பதை விட, வாரியத்தின் பணியைப் பொதுமக்கள் அறியும்படி இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். பாலகுமார் வளையத்தைச் சுற்றினார். கதவு மேலே ஏறியது. மறுபக்கம் சுற்றினார். இறங்கியது. நல்ல கதவு, நன்றாக எண்ணெய் விட்டிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பாலகுமார் பேசினார். “பொதுவாக மக்கள் கேட்பார்கள், வாரியம் செய்யும். இங்கே வாரியம் எழுதியது, மக்கள் செய்தார்கள். இதைவிட உயர்ந்த நிர்வாகம் உலகில் இருக்க முடியாது. இனி நாங்கள் எழுதிக்கொண்டே இருப்போம் என்று உறுதியளிக்கிறேன்.”

பிறகு பழனிவேலை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல கனத்த ஆடை, ஓரத்தில் சரிகை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பழனிவேல் பழக்கத்தில் அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு பேசினார். குழாய் ஸ்பீக்கர் என்பதால் கடைவீதி வரை கேட்டது.

“எல்லாருக்கும் வணக்கம். அந்த ஷட்டர எப்ப சார் மாட்டுவீங்க?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டார். பாலகுமார் சிரிக்கவில்லை. அன்போடு மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அன்பர் நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். குறிப்பு நிறைவேறிவிட்டது, ஆகவே கோப்பு முடிந்தது. முடிந்த கோப்புக்குக் கதவு மாட்டினால் தணிக்கையில் என்ன பதில் சொல்வோம்? மேலும், இப்போது கதவை மாட்ட வேண்டுமானால் அங்கே கட்டியிருக்கும் அபேயன்சியை இடிக்க வேண்டும். மக்களின் உழைப்பை இடிக்க இந்த வாரியம் ஒருபோதும் துணியாது.”

மறுபடியும் கைதட்டினார்கள். முன்பைவிட நீண்ட நேரம் தட்டினார்கள். வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்ததால் விழா சீக்கிரம் முடிந்தது. பழனிவேல் ஒயரைச் சுருட்டி, குழாய்களை இறக்கி, ஆட்டோவில் ஏற்றினார். தமிழ்மணி குடையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. நான் நல்லதுதான் நெனச்சேன்.”

“தெரியுங்க மேடம். மழ வருது, உள்ள போங்க.”

ஊருக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவை ரோட்டோரம் விட்டுவிட்டு வரப்பில் நடந்தார். மதகருகே பவானியும் கார்த்திகேசனும் முட்டிவரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். வாய்க்கால் மறுபடியும் ஏறியிருந்தது. ஒரு பெட்டியின் பலகை ஊறி விலகி, மூலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே தண்ணீர் பீறிட்டு, பக்கத்துப் பையின் மணலை அரித்துக்கொண்டிருந்தது. பவானி அங்கே வைக்கோலைத் திணித்தாள், அது போய்விட்டது. சேற்றை அப்பினாள், அதுவும் போய்விட்டது.

“ஷட்டர் என்னா ஆச்சு மாமா?”

“மாட்டிட்டாங்க மச்சான். நல்லா ஏறி எறங்குது.”

“எங்க?”

“ஆபீசு வாசல்ல.”

கார்த்திகேசன் வாயைத் திறந்தான். திறந்த வாயோடே பையைத் தூக்கப் போனான். பவானி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பார்த்தாள்.

“அது என்னா துணி? கெட்டியா இருக்குதா?”

“நல்ல கெட்டி. சரிக போட்டது.”

“குடுங்க இப்படி.”

பழனிவேல் பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, முறுக்கித் தாமே துளைக்குள் திணித்தார். மேலே ஒரு மணல் பையை வைத்துக் கால்வைத்து அழுத்தினார். பீறிடல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கசிவும் நின்றது. சரிகையின் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரில் ஆடியது.

மூவரும் கரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள். உள்பக்கம் பயிர் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாய் நின்றது. வெளிப்பக்கம் தண்ணீர் பையின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து, இன்னும் ஏறுவதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் நின்றது. அதற்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.